மலிவுக் கூடாரமும் மலையின் சுமைகூலியும்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒரு பொருளின் விலை கடைக்காரரிடம் எண்ணிக் கொடுத்த பணத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. அதைச் சுமப்பவருக்கும் ஒரு கூலி உண்டு என்பதே இதன் கருத்து. மேட்டுக்கும் பள்ளத்துக்குமாகச் சரக்கு ஏற்றி இறக்கிப் பழகிய மலை நாட்டு மக்களுக்கு இதை எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால் இந்நாளில் சேர்வராயன் மலைமேல் ஒரு புதுவகைச் சுண்டைக்காய் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் மலிவு விலைக் கூடாரம். கால் பணத்தை அதை வாங்குகிறவர் கொடுத்துவிடுகிறார். முக்கால் பணச் சுமைகூலியை யார் கொடுப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

கூடாரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். மலையில் காப்பியும் மிளகும் பயிரிடுவோரின் நிலத்து ஓரத்தில்தான் அது அடிக்கப்படுகிறது. அது துணியால் ஆனது. ஆகவே துணி நெய்வோர் அதன் பிறப்பையும் இறப்பையும் அறிந்திருப்பது நல்லது. சேர்வராயன் மலைப் பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மலையில் எறிந்தது மலையோடு நிற்பதில்லை. பயிரிடுவோரும் நெசவாளரும் ஒரே நீரோட்டத்தின் மேல்கரையிலும் கீழ்க்கரையிலும் இருப்பவர்கள்.

மலையும் விருந்தினரும்

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று பெயர் பெற்ற இவ்வூர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் கொண்ட சிகரம் அதற்கும் மேலே 5,300 அடியைத் தாண்டி நிற்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது சரித்திரம். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மலையாளிப் பழங்குடி மக்கள் இம்மலையில் சாமை, கேழ்வரகு முதலியன விளைவித்து வாழ்ந்து வருகிறார்கள். இன்று காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும், அம்மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், ஆரஞ்சும் பலாவும் இம்மலையின் செல்வங்கள்.

உதகமண்டலத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் வரும் இடம் என்பதால் ஏற்காட்டுக்கு ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பட்டமும் உண்டு. கோடை விழாக் காலமாகிய மே மாதத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசையாக ஏறுவதைக் காணலாம். விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை அதிகம். இந்த நிலையில், தோட்டத்தின் ஒரு மூலையைச் சமன்செய்து, கூடாரம் அடித்து, இரவு தங்க இடம் கொடுக்கும் தொழில் அண்மைக் காலத்தில் வளர்ந்திருக்கிறது. இளைஞர்கள் தாமே கூடாரம் வாங்கிக்கொண்டு வருவதும் உண்டு.

இதை நாம் குறை கூறவில்லை. காப்பி விலை ஓராண்டு ஏறும், மறு ஆண்டு இறங்கும். பூக்கும் பருவத்து மழை தவறினால் காய்ப்பு குன்றும். அத்தகைய ஆண்டில் நாலு இரவு வாடகை, ஒரு சிறு தோட்டக்காரரின் வீட்டில் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகும். விருந்தினர் வரட்டும், வானத்து நட்சத்திரங்களைக் கண்டு மகிழட்டும். அவர்கள் போன பின் என்ன நிற்கிறது என்பதைப் பற்றியே நமது கவலை.

அன்றைய கூடாரம்

கூடாரம் நமது நாட்டுக்குப் புதிதன்று. 1792-இல் பாராமகாலும் சேலம் சீமையும் கும்பினியார் வசம் வந்தபோது, ரீட் துரையும் அவருக்குக் கீழிருந்த மன்றோ துரையும் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். அக்காலத்து அதிகாரிகளுக்கு முகாம் என்றால் கூடாரமே கச்சேரி, கூடாரமே வீடு. 1905-ஆம் ஆண்டில் திருச்சியில் இரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சலனப்படக் கருவியொன்றை வாங்கிப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட், கூடாரத்தைச் சுமந்துகொண்டே ஊர்தோறும் படம் காட்டினார். ‘டெண்டுக் கொட்டகை’ என்ற சொல் அந்த வழியில் வந்து நமது பேச்சில் நிலைத்தது.

அந்தக் கூடாரங்கள் பருத்திக் கித்தானால் ஆனவை. நெருக்கமாக நெய்த பருத்தித் துணிக்கு ஒரு குணம் உண்டு. மழை பட்டதும் அதன் நூல் பருக்கிறது. பருத்த நூல் இழைகளுக்கு நடுவேயுள்ள சந்தை அடைக்கிறது. நீர் உள்ளே புகுவது குறைகிறது. நெசவாளர்களாகிய நமக்கு இது கைகண்ட உண்மை. மெழுகு முதலிய பூச்சுகள் இக்குணத்தைப் பெருக்கின. கித்தான் கூடாரம் கனத்தது, விலையும் கூடியது. ஆகவே யாரும் அதை விட்டெறிந்து போகவில்லை. கிழிந்தால் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டும் கிழிந்தால் வண்டிக்கு மூடுதுணி ஆக்கினார்கள். மூடுதுணியும் நைந்தால் மாட்டுக்கொட்டிலில் தட்டியாகத் தொங்கவிட்டார்கள். கடைசியில் எஞ்சிய பருத்தி மக்கி மண்ணாயிற்று.

இன்றைய கூடாரம்

1935-இல் அமெரிக்காவில் நைலானும், 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் முயற்சியால் பாலியெஸ்டர் இழையும் தோன்றின. கூடாரம் இலேசாயிற்று. மலையேறுவோருக்கும் படைவீரருக்கும் அது பெரிய நன்மை. தோளில் சுமக்கும் பொருளில் ஒவ்வொரு ராத்தலும் ஒரு பாரம் அல்லவா? நாளடைவில் அதே கூடாரம் மிக மலிவாகவும் செய்யப்பட்டது. இன்று இரண்டு சினிமாவும் ஒரு விருந்தும் ஆகும் செலவில் நாலு பேர் படுக்கும் கூடாரம் கிடைக்கிறது.

அந்த மலிவு எப்படி வந்தது என்பதை அவிழ்த்துப் பார்ப்போம். மேல்விரிப்பு மெல்லிய பாலியெஸ்டர் துணி. அதன் உட்புறத்தில் நீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் என்ற பூச்சு. தரைவிரிப்பு வேறுவகைப் பிளாஸ்டிக். வளையும் கம்புகள் கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்துச் செய்தவை. அவற்றின் உள்ளே ஓடுவது ரப்பர்க் கயிறு. கொசு புகாத வலை ஒருவகை, ஜிப்பு ஒருவகை, முளைக்குச்சிகள் இரும்பு. இவ்வளவும் ஒன்றோடொன்று தைத்தும் ஒட்டியும் இருக்கின்றன.

இவற்றுக்கு ஏற்காட்டின் சீதோஷ்ணம் பெரிய பரீட்சை. வெயிலில் வாரக்கணக்காக நின்றால் சூரியனின் ஊதாக்கதிர் பாலியெஸ்டர் இழையின் வலுவைக் குறைக்கிறது. பனியிலும் சாரலிலும் நனைந்த கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தால், பாலியூரித்தேன் பூச்சு நீரால் சிதைந்து பிசுபிசுத்து, பிறகு தோல் தோலாக உரிகிறது. அதன் பின் துணி பார்வைக்கு முழுமையாக இருந்தாலும் மழைக்கு உதவாது. கம்பு ஓரிடத்தில் முறிந்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து கையில் ஏறும். ஜிப்பின் நகரும் வாய் தேய்ந்தால் கதவு மூடாது. இவற்றில் ஒவ்வொன்றும் சிறு பழுதுதான். ஆயினும் செப்பனிடும் கூலி புதுக்கூடாரத்தின் விலையில் பாதி என்று தெரிந்தவுடன், விருந்தினர் அதை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

எறிந்த பின்

இந்தத் துன்பம் நமது மலைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் கோடைகாலத்தில் திறந்த வெளிகளில் பெரிய இசை விழாக்கள் நடைபெறும். ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்துத் தங்குவர். அவ்விழாக்களை நடத்துவோரின் சங்கம் ஒன்று 2019-இல் ஒரு மதிப்பை வெளியிட்டது. அந்நாட்டு விழாக்களில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,50,000 கூடாரங்கள் அப்படியே விட்டுச் செல்லப்படுகின்றன என்றும், ஒரு கூடாரத்தின் எடை சராசரி 3.5 கிலோ என்றும் அது கூறிற்று. பெருக்கிப் பார்த்தால் 875 டன் ஆகிறது. இதைவிட வருத்தத்தக்கது, விட்டுப்போனவர்களில் பலர் கொண்டிருந்த எண்ணம்: ‘நாம் விட்டால் என்ன? ஏதாவதொரு தருமஸ்தாபனம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்’ என்று அவர்கள் நம்பினார்கள். தொண்டர்கள் சிலவற்றை எடுத்ததும் உண்மை. ஆனால் மிகப் பெரும்பான்மை, குப்பைக் குழிக்கோ எரி உலைக்கோதான் போயின.

இந்த எண்ணம் நம்மிடமும் உண்டு. புயல், வெள்ளம் என்றால் பழைய பொருளை அனுப்பி மனநிறைவு கொள்வது மனித இயல்பு. ஆனால் வீடிழந்த குடும்பத்துக்குக் கூடாரம் என்பது இரண்டு இரவு விளையாட்டு அன்று. அகதிகளுக்காக ஐக்கிய நாடுகளின் அகதிகள் அலுவலகம் வழங்கும் குடும்பக் கூடாரத்தில் படுக்கவும் புழங்கவும் 16 சதுர மீட்டர் இடம் உண்டு. அதன் துணி பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கித்தான். ஓராண்டாவது தாங்க வேண்டும் என்பது நிபந்தனை. நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத, பூச்சு உரிந்த விளையாட்டுக் கூடாரத்தை அங்கே அனுப்புவது தருமமாகாது. நம் குப்பையை அவர்கள் வாசலில் கொட்டுவதே ஆகும்.

பழைய பொருள் வியாபாரிக்குப் போடலாமே என்றால், அவர் இரும்பு முளையை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார். ஒரே வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் உருக்கி மறுபடி உபயோகிக்கலாம். பிளாஸ்டிக் புட்டியிலிருந்து நூல் எடுத்துத் துணி நெய்வதை நாம் அறிவோம். கூடாரமோ பல வகைகள் பின்னிக் கிடக்கும் பொருள். பூச்சை நீக்கி, தையல் பிரித்து, வகை வகையாகப் பிரிக்கும் கூலி, கிடைக்கும் பொருளின் விலையைவிடக் கூடிவிடும்.

எஞ்சியிருப்பவை இரண்டு தீய வழிகள். ஒன்று, தோட்டத்து மூலையில் குவித்துக் கொளுத்துவது. பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். கரும்புகையும் நச்சுக் காற்றும் எழும். உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். திறந்த வெளியில் குப்பையைக் கொளுத்துவது சட்டத்துக்கும் விரோதம். மற்றொன்று, சரிவில் உருட்டிவிடுவது. மழை அதை ஓடைக்குக் கொண்டுசெல்லும். வெயில் அதை நைத்துத் துகளாக்கும். மேயும் மாடு துணியையும் கயிற்றையும் விழுங்கும். திருமணிமுத்தாறு பாழானதில் சேலம் நகரத்துச் சாக்கடைக்கும் சாயப்பட்டறைக் கழிவுக்கும் பங்குண்டு என்பதை நெசவாளர்களாகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லிக்கொண்டே மேலிருந்து வரும் குப்பையையும் தடுப்பதே நேர்மை.

சட்டம் ஏன் இதைத் தடுக்கவில்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. பை, குவளை, தட்டு, உறிஞ்சுகுழல் முதலியன அப்பட்டியலில் அடங்கும். கூடாரம் அதில் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. அது பலமுறை உபயோகிக்கச் செய்த பொருள். ஒரு முறையோடு எறிவது பொருளின் இயல்பன்று, உபயோகிப்பவரின் பழக்கம். பழக்கத்தைத் திருத்தச் சட்டத்தைவிட ஏற்பாடு ஒன்றே அதிகம் பயன்படும்.

ஒரு சிறு கணக்கு

கூடாரத்தைத் தோட்டக்காரரே வாங்கி விருந்தினருக்கு வாடகைக்குக் கொடுப்பதாக வைத்துக்கொண்டு, கூட்டுறவாளர் வழக்கப்படி கணக்குப் பார்ப்போம். இங்கே தரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவையே. அவரவர் தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மலிவுக் கூடாரம் ஒன்றின் விலை ரூ. 1,800 என்றும், ஒரு பருவத்தில் 60 இரவு வாடகைக்குப் போய் அத்தோடு அது உதவாமற் போகிறது என்றும் கொள்வோம். இரவொன்றுக்கு ஆகும் செலவு ரூ. 30. நல்ல கித்தான் கூடாரம் ஒன்றின் விலை ரூ. 15,000, பத்தாண்டு உழைக்கிறது, செப்பனிட ஆண்டுக்கு ரூ. 500. பத்தாண்டில் மொத்தச் செலவு ரூ. 20,000, தங்கிய இரவுகள் 600. இரவொன்றுக்கு ரூ. 33 சொச்சம்.

ஆக, மலிவு என்று நாம் நினைத்தது உண்மையில் மூன்று ரூபாய் மலிவுதான். அந்த மூன்று ரூபாய்க்கு நாம் கொடுப்பது என்ன? பத்தாண்டில் ஒரு கூடாரத்தின் இடத்தில் பத்துக் கூடாரம் குப்பையாகிறது. மேலே சொன்ன சராசரி எடைப்படி 35 கிலோ. பத்துக் கூடாரம் வைத்திருப்பவர் தோட்டத்தில் 350 கிலோ. இருபது வளைவு இறக்கி அதைக் கீழே சேர்க்கும் கூலியை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் மூன்று ரூபாய் எங்கே நிற்கும்? மேலும், கித்தான் கூடாரத்தில் செப்பனிடச் செலவான ரூ. 5,000 உள்ளூர்த் தையற்காரர் கைக்குப் போகிறது. மலிவுக் கூடாரத்தில் உள்ளூர்க் கைக்கு ஒரு காசும் வருவதில்லை.

கித்தானுக்கும் குறைகள் உண்டு என்பதை ஒளிக்கலாகாது. அது கனமானது, ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், முதலீடு ஒரே தவணையில் வேண்டும். தோளில் சுமந்து மலை ஏறுபவருக்கு இலேசான கூடாரமே ஏற்றது. ஆனால் தோட்டத்தில் ஒரே இடத்தில் நிற்கும் கூடாரத்துக்கு இலேசினால் என்ன லாபம்? யாரும் அதைச் சுமக்கப் போவதில்லையே. உதவாத ஒரு குணத்துக்காக, உதவும் குணத்தை இழக்கிறோம்.

கித்தானைக் கைத்தறியில் நெய்து கொடுத்துவிடலாம் என்றும் நாம் சொல்லவில்லை. அது இன்று பெரும்பாலும் ஆலையிலும் விசைத்தறியிலும் நெய்யப்படும் சரக்கு; அதனோடு போட்டிக்குப் போவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஆயினும் கூடாரத்துக்குள்ளே விரிக்க ஜமக்காளம் வேண்டும், போர்வை வேண்டும், படுக்கைவிரிப்பு வேண்டும். ஜமக்காளமும் படுக்கைவிரிப்பும் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட இரகங்களில் சேர்ந்தவை. பவானி ஜமக்காளத்தின் பெயர் நாடறிந்தது. மெல்லிய பிளாஸ்டிக் மெத்தைக்குப் பதில் நல்ல ஜமக்காளம் விரித்த கூடாரத்தில் தங்கிய விருந்தினர், ஊர் திரும்பும்போது அதேபோல் ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்காமலா போவார்?

திரும்பி வந்த புட்டி

இனி, விருந்தினர் தாமே கொண்டுவரும் கூடாரத்துக்கு என்ன வழி? இதற்கு நமது மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. நீலகிரியில் வெற்று மதுப்புட்டிகள் காட்டில் எறியப்பட்டு விலங்குகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, 2022 மே மாதத்தில் அங்கே ஒரு முறை தொடங்கிற்று. புட்டி ஒன்றுக்கு ரூ. 10 கூடுதலாக வாங்கிக்கொள்வது. வெற்றுப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுப்பது. விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. 1937-இல் இந்தியாவிலேயே முன்னோடியாக மதுவிலக்குக் கண்ட சேலம் ஜில்லாக்காரராகிய நாம் மதுவைப் புகழ்வதற்கில்லை. ஆனால் புட்டி திரும்பி வந்த வழியைப் பாராட்டலாம்.

மற்றொரு பாடம் இமயமலையில் இருக்கிறது. எவரெஸ்டு ஏறுவோர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேப்பாள அரசாங்கம் 2014-இல் விதித்தது. ஏறும் கூட்டத்தார் 4,000 டாலர் முன்பணம் கட்டவேண்டியிருந்தது. குப்பையைக் காட்டினால் பணம் திரும்பும் என்பது அன்றைய ஏற்பாடு. பணம் பெரும்பாலும் திரும்பிற்று. ஆனால் மலை சுத்தமாகவில்லை. கீழ் முகாம்களில் எளிதாகக் கிடைத்த குப்பையை எடுத்து எடைக் கணக்கை நிரப்பிவிட்டார்கள். மேல் முகாம்களில் கிழிந்த கூடாரங்கள் பனியிலேயே கிடந்தன.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு நீதி விளங்கும். நீலகிரியில் அடையாளச் சீட்டு ஒட்டிய அதே புட்டி திரும்ப வேண்டியிருந்தது. எவரெஸ்டில் ஏதோ 8 கிலோ திரும்பினால் போதுமாயிருந்தது. முன்பணம் எடைக்கு அன்று, பொருளுக்கே கட்டப்பட வேண்டும். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இலக்கமிட்ட சீட்டு, வரும்போது பதிவு, போகும்போது அதே கூடாரம் கையிலிருந்தால் முன்பணம் வாபஸ். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

தனியே ஆகாதது

ஆனால் ஒரு தோட்டக்காரர் தனியாக இதைத் தொடங்கினால் என்ன நேரும்? விருந்தினர் முகம் சுளித்து, முன்பணம் கேட்காத அடுத்த தோட்டத்துக்குப் போவார். நல்லது செய்தவர் வாடிக்கையை இழப்பார். செய்யாதவர் லாபம் அடைவார். அடுத்த ஆண்டு நல்லவரும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் கூட்டுறவின் அவசியம் தோன்றுகிறது. ஒருவர் கேட்டால் அது தொல்லை. எல்லோரும் கேட்டால் அது வழக்கம். 1844-இல் ராச்டேல் நெசவாளர் முதலியோர் கூடிக் கடை வைத்ததும், 1904-இல் திருவல்லிக்கேணியில் பண்டகசாலை தோன்றியதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான்.

ஆகவே மலைப்பகுதிச் சங்கங்கள் தமது பொதுக்கூட்டத்தில் சில காரியங்களை ஆலோசிக்கலாம். முதலாவது, முகாம் நடத்தும் அங்கத்தினர் யாவரும் ஒரே தொகையை முன்பணமாக வாங்குவது என்று தீர்மானிப்பது. இரண்டாவது, நல்ல கூடாரங்களைச் சங்கமே மொத்தமாக வாங்கி, அங்கத்தினருக்குப் பருவ வாடகைக்குக் கொடுப்பது. ஒரே தவணையில் ரூ. 15,000 போட முடியாத சிறு தோட்டக்காரருக்கு இதுவே கதி. ஒருவருக்கு வேலையில்லாத வாரத்தில் மற்றொருவர் உபயோகிக்கலாம். கூடாரம் சும்மா கிடந்து மக்குவது குறையும்.

மூன்றாவது, சங்கக் கட்டடத்தில் காற்றோட்டமான ஒரு கொட்டகை. நனைந்த கூடாரத்தை அங்கே கொடிகட்டி உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். முன்பே கூறியபடி, ஈரத்தோடு மடிப்பதுதான் கூடாரத்தின் முதல் எமன். நான்காவது, ஒரு தையல் இயந்திரமும் அதை ஓட்ட ஓர் ஆளும். ஜிப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. நகரும் வாயை மாத்திரம் மாற்றினால் பெரும்பாலும் போதும். முறிந்த கம்பின் மேல் ஓர் உலோகக் குழாயைச் செருகினால் அது இன்னும் பல நாள் நிற்கும். விருந்தினர் விட்டுச்சென்ற கூடாரங்களில் ஒன்றின் கம்பும் மற்றொன்றின் துணியும் சேர்ந்து முழுதாக ஒன்று கிடைக்கும்.

எதற்கும் உதவாத கூடாரத்தின் துணியை விறகுக்கும் உரமூட்டைக்கும் மூடுதுணியாகவும், கயிற்றைக் கொடி கட்டவும் உபயோகிக்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. காப்பிக் கொட்டையையும் மிளகையும் அதில் உலர்த்தலாகாது. கூடாரத் துணியில் பூச்சும், சிலவற்றில் தீத்தடுப்பு மருந்தும் உண்டு. பூச்சு உரிந்து உண்ணும் பொருளில் கலக்கும். பல காலம் பாடுபட்டுத் தேடிய நற்பெயரைக் கிழிந்த துணியால் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உடைந்த கண்ணாடி நார்க் கம்பை வெறுங்கையால் தொடுவதும் ஆகாது. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதை, காப்பி மூட்டை ஏற்றிக் கீழே இறங்கும் லாரியில் ஒரு மூலையில் கட்டிச் சேலத்துக்கு அனுப்பி, முறையாக ஒப்படைக்கலாம். தனி வண்டி பிடித்தால்தான் சுமைகூலி. போகிற வண்டியில் வைத்தால் அது பெருஞ்செலவன்று.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. மலைச் சங்கங்களின் கூடாரங்களுக்கு ஜமக்காளமும் போர்வையும் நேரே சப்ளை செய்ய ஒப்பந்தம் பேசலாம். மேல்கரையும் கீழ்க்கரையும் குப்பையால் மட்டும் உறவாடாமல் சரக்காலும் உறவாடட்டும்.

கூடாரம் என்பது ஓர் இரவு நம்மைக் காக்கும் வீடு. காத்த வீட்டைக் காலையில் உதைத்துத் தள்ளிவிட்டுப் போவது நம் மரபன்று. அதை மடித்து எடுத்துப்போகும் பழக்கம் வரும்வரை அதன் சுமையை யாரோ ஒருவர் சுமந்துகொண்டுதான் இருப்பார். இன்று அது தோட்டக்காரரும் ஓடையும் மாடும். கால் பணம் கொடுத்தவரே முக்கால் பணத்தையும் கொடுக்கும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த கோடை விழாவுக்கு முன்பாகவே சங்கங்கள் கூடி, முன்பணம் எவ்வளவு என்பதைத் தீர்மானித்து, அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.